கொள்கைக்கும் உண்டு தேர்வு

பத்தாம் வகுப்பில் அடியெடுத்து வைத்த நாள் முதல் நம் செவிகளில் ஓயாது ஒலிக்கும் சொல் ஒன்று உண்டென்றால், அது ‘தேர்வு’ என்பதே. காலாண்டு, அரையாண்டு, திருப்புதல், அரசுப் பொதுத் தேர்வு என்று வரிசையாக வந்து நிற்கும் தேர்வுகளைக் கண்டு நாம் அஞ்சுகிறோம். ஆனால் நம் இயற்பியல் பாடநூலில் கம்பீரமாக அமர்ந்திருக்கும் விதிகளும் கொள்கைகளும் ஒரு காலத்தில் தேர்வு எழுதியவையே என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. அவற்றுக்கு வினாத்தாள் தந்தது இயற்கை. விடைத்தாளைத் திருத்தியதும் இயற்கையே. அத்தேர்வில் சில கொள்கைகள் வென்றன, சில வீழ்ந்தன, சில பல்லாண்டுகள் காத்திருந்தன. அவ்வரலாற்றில் நம் நாட்டுக்கும், நம் குற்றாலம் போன்ற அருவிகளுக்கும் கூட இடம் உண்டு.

கொள்கை என்றால் என்ன?

இயற்கை இவ்வாறுதான் இயங்குகிறது என்று அறிவால் ஊகித்து, அந்த ஊகத்தைக் கணிதத்தில் வடித்துக் காட்டுவதே இயற்பியல் கொள்கை. அது கூறும் முடிவு உண்மையா பொய்யா என்று சோதித்தறிய வழி இருக்க வேண்டும். “நாளை மழை பெய்தாலும் பெய்யலாம், பெய்யாமலும் போகலாம்” என்று ஒருவர் சொன்னால் அவர் சொல் ஒருநாளும் பொய்க்காது. ஆனால் அதனால் யாருக்கும் பயன் இல்லை. “நாளை மாலைக்குள் தென்காசியில் 5 செ.மீ. மழை பெய்யும்” என்று சொல்பவரோ, தோற்றுப் போகத் துணிந்து சொல்கிறார். மழைமானி அவருக்குத் தீர்ப்பு வழங்கும். நல்ல கொள்கையின் இலக்கணம் இதுவே. அது முன்கூட்டியே ஓர் எண்ணைச் சொல்லும். அந்த எண் தவறினால் தோல்வியை ஏற்கும்.

அருவி நீர் சூடாகுமா?

ஆனி பிறந்துவிட்டால் செங்கோட்டைக் கணவாய் வழியே தென்மேற்குப் பருவக்காற்று வீசும், சாரல் தூவும், குற்றாலத்தில் அருவிகள் ஆர்ப்பரிக்கும். பேரருவியில் நீர் ஏறத்தாழ 60 மீட்டர் உயரத்திலிருந்து விழுகிறது. உயரத்தில் இருக்கும் நீருக்கு நிலை ஆற்றல் உண்டு. விழும்போது அது இயக்க ஆற்றலாக மாறுகிறது என்று படித்திருக்கிறோம். பாறையில் மோதிச் சிதறிய பின் அந்த ஆற்றல் எங்கே போகிறது?

இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரை அடுத்து, மது வடிக்கும் ஆலை நடத்திய குடும்பத்தில் பிறந்த ஜேம்ஸ் பிரெஸ்காட் ஜூல் இக்கேள்விக்கு விடை தந்தார். அது வெப்பமாக மாறுகிறது என்பதே அவர் கொள்கை. வெப்பம் என்பது ஒருவகைப் பாய்மம் என்று பலர் நம்பியிருந்த காலம் அது. ஜூல் வெறுமனே மறுத்துப் பேசவில்லை, எண்ணைச் சொன்னார். 160 அடி உயரத்திலிருந்து விழும் நயாகரா நீர், பாரன்ஹீட் அளவில் ஒரு டிகிரியில் ஐந்தில் ஒரு பங்கு சூடாகும் என்று 1845-இல் எழுதினார்.

அதே கணக்கை நாம் பேரருவிக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு கிலோகிராம் நீர் 60 மீட்டர் விழுந்தால் கிடைக்கும் ஆற்றல் 9.8 × 60, அதாவது 588 ஜூல். ஒரு கிலோகிராம் நீரை 1 டிகிரி செல்சியஸ் சூடாக்கத் தேவைப்படுவது ஏறத்தாழ 4186 ஜூல். வகுத்தால் கிடைப்பது 0.14 டிகிரி. எனவே அருவியின் உச்சியைவிட அடிவாரத்தில் நீர் 0.14 டிகிரி சூடாக இருக்க வேண்டும்.

ஆனால் அருவியில் நனைந்து பல் கிட்டித்து நிற்கும் யாரிடமாவது, “இந்த நீர் மேலே இருந்ததைவிடச் சூடானது” என்று சொன்னால் சிரிப்பார்களே! வெப்பமானி கொண்டு அளந்தாலும் விடை எளிதில் கிடைக்காது. ஜூலுக்கும் இதே தொல்லைதான் நேர்ந்தது. 1847-இல் திருமணம் முடிந்து ஆல்ப்ஸ் மலைப் பகுதிக்குச் சென்றவர், கையில் நீண்ட வெப்பமானியுடன் புறப்பட்டாராம். பின்னாளில் கெல்வின் பிரபு என்று புகழ்பெற்ற வில்லியம் தாம்சன் அவரை வழியில் கண்டு வியந்தார். இருவரும் சாலான்ஷ் என்னும் இடத்து அருவியில் அளக்க முயன்றனர். நீர் திவலை திவலையாகச் சிதறியதால் முயற்சி பலிக்கவில்லை.

அதற்குக் காரணத்தையும் கணக்கிட்டே காட்டலாம். சிதறும் திவலைகளில் ஒரு பகுதி காற்றில் ஆவியாகிறது. ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 2400 ஜூல் வெப்பம் வேண்டும்; அதை எஞ்சிய நீரிலிருந்தே பறித்துக்கொள்கிறது. ஒரு கிலோகிராம் அருவி நீரில் கால் கிராம் ஆவியானாலே போதும், விழுந்ததால் கிடைத்த 588 ஜூலும் கரைந்துவிடும். போதாக்குறைக்குப் பேரருவி நேராகத் தரையில் விழுவதில்லை. இடையில் பொங்குமாகடல் என்னும் ஆழமான பாறைக் குழியில் விழுந்து, பொங்கி, பிறகே கீழே இறங்குகிறது. வெயிலில் காய்ந்த பாறையும், வீசும் காற்றும், வந்து கலக்கும் சிற்றோடையும் தத்தம் பங்குக்கு நீரின் வெப்பநிலையை மாற்றுகின்றன. இத்தனைக்கும் நடுவே 0.14 டிகிரியைத் தேடுவது திருவிழாக் கூட்டத்தில் மெல்லிய குரல் ஒன்றைக் கேட்க முயல்வது போன்றது.

அப்படியானால் கொள்கை தோற்றுவிட்டதா? இல்லை. சோதிக்கத் தேர்ந்தெடுத்த இடம்தான் பொருந்தவில்லை. ஜூல் அந்த அருவியையே தம் அறைக்குள் கொண்டுவந்தார் எனலாம். மூடிய பாத்திரத்தில் நீரை நிரப்பி, உள்ளே துடுப்புச் சக்கரம் அமைத்து, எடைக் கற்கள் இறங்கும்போது அது சுழலுமாறு செய்தார். கற்களை 20 முறை இறக்கியும் நீர் சுமார் அரை டிகிரி பாரன்ஹீட் அளவே சூடானது. அறையின் வெப்பமும் உராய்வும் எவ்வளவு குறுக்கிட்டன என்று கணக்கிட்டுக் கழித்தார். பல ஆண்டுகள் இவ்வாறு உழைத்து 1850-இல் அவர் வெளியிட்ட எண், இன்று நாம் ஏற்றுள்ள மதிப்பிலிருந்து நூற்றுக்கு ஒரு பங்கு கூட விலகவில்லை. ஆற்றலின் அலகுக்கே அவர் பெயர் வைக்கப்பட்டது.

பெரியவர் சொன்னால் போதுமா?

அடுத்த நிகழ்ச்சி நடுக்கடலில் நடந்தது. திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி. வி. இராமன் 1921-இல் இங்கிலாந்து சென்று ‘நர்குண்டா’ என்னும் கப்பலில் திரும்பிக் கொண்டிருந்தார். மத்தியதரைக் கடலின் ஆழ்ந்த நீல நிறம் அவர் உள்ளத்தைக் கவர்ந்தது. கடல் நீலமாகத் தெரிவது வானத்தின் நீலம் அதில் பிரதிபலிப்பதால்தான் என்று நோபல் பரிசு பெற்ற ராலே பிரபு கூறியிருந்தார். வானம் ஏன் நீலம் என்பதை விளக்கிய மேதை அவர். அவர் சொல்லை ஐயுற யாருக்குத் துணிவு வரும்?

இராமனிடம் இருந்தது நிக்கல் பட்டகம் என்னும் சிறு கருவி. குறிப்பிட்ட கோணத்தில் நீரில் பட்டுத் திரும்பும் ஒளியை அதைக் கொண்டு மறைத்துவிடலாம். அவர் சிந்தனை மிக எளியது: ராலே சொன்னது சரியென்றால், பிரதிபலித்த ஒளியை மறைத்தவுடன் நீலமும் மறைய வேண்டும். கப்பல் தளத்தில் நின்று அவர் சோதித்தார். நீலம் மறையவில்லை, முன்னிலும் அழகாகத் தெரிந்தது! அந்த நிறம் நீருக்குள்ளிருந்தே, நீர் மூலக்கூறுகள் ஒளியைச் சிதறடிப்பதால் வருகிறது என்று முடிவு செய்தார். கப்பல் பம்பாய்த் துறைமுகத்தை அடைந்ததும் ‘நேச்சர்’ இதழுக்குக் கடிதம் எழுதிவிட்டார்.

இந்த ஆராய்ச்சி ஏழாண்டுகள் தொடர்ந்தது. அவருடன் உழைத்தவர் நமக்கு அண்மையிலுள்ள வத்திராயிருப்பைச் சேர்ந்த கே. எஸ். கிருஷ்ணன். திரவங்களில் சிதறும் ஒளியில் நிறம் மாறிய மங்கலான ஒளி ஒன்று சேர்ந்து வந்தது. திரவத்தில் கலந்த மாசு காரணமாக இருக்கலாம் என்பது எதிர் விளக்கம். எனவே திரவங்களை மீண்டும் மீண்டும் தூய்மை செய்து பார்த்தனர். மாசு நீங்கியும் அந்த ஒளி நீங்கவில்லை. சுமார் 60 திரவங்களில் அதைக் கண்ட பிறகே உலகுக்கு அறிவித்தனர். 1928 பிப்ரவரி 28-இல் உறுதிப்பட்ட அதுவே இராமன் விளைவு. 1930-இல் நோபல் பரிசு அதைத் தேடி வந்தது. பெரியோரை மதிப்பது நம் பண்பாடு. ஆனால் இயற்பியலில் ஒரு கூற்றின் எடையைச் சொன்னவரின் புகழ் தீர்மானிப்பதில்லை.

கொடைக்கானலில் காத்திருந்த கொள்கை

சரியான கொள்கையும் முதல் சோதனையில் தடுமாறுவது உண்டு. அதற்குச் சாட்சி நம் கொடைக்கானல் மலை.

அங்குள்ள சூரிய ஆய்வுக்கூடம் 1899-இல் நிறுவப்பட்டது. 1907-இல் அங்கு வந்த ஜான் எவர்ஷெட், சூரியப் புள்ளிகளில் வாயுக்கள் வெளிநோக்கிப் பாய்வதை 1909-இல் கண்டறிந்தார். உலகம் அதை ‘எவர்ஷெட் விளைவு’ என்றே அழைக்கிறது. 1911 முதல் 1923 வரை அவர் இயக்குநராக இருந்தார்.

1915-இல் ஐன்ஸ்டைன் பொதுச் சார்பியல் கொள்கையை வெளியிட்டார். பெரும் நிறை உள்ள பொருளிலிருந்து வெளியேறும் ஒளி, அதன் ஈர்ப்பை எதிர்த்து வருவதால், நிறமாலையில் சிவப்புப் பக்கம் சற்று நகர வேண்டும் என்பது அதன் முடிவுகளில் ஒன்று. சூரிய ஒளிக்கு அந்த நகர்வு பத்து லட்சத்தில் இரண்டு பங்குதான். எவர்ஷெட் அதற்கு முன்பிருந்தே இத்தகைய நுண்ணிய நகர்வுகளை அளந்து வந்தார். ஆகவே ஐன்ஸ்டைனின் கொள்கைக்குத் தேர்வு நடத்தும் பொறுப்பு உலகின் சில ஆய்வுக்கூடங்களோடு நம் கொடைக்கானலுக்கும் கிடைத்தது.

விடை என்ன வந்தது? ஆம் என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை! நகர்வு இருந்தது, ஆனால் சூரியனின் நடுப்பகுதியில் பல கோடுகள் கொள்கை சொன்னதைவிடக் குறைவாகவே நகர்ந்தன. விளிம்பில் நகர்வு அதிகமாக இருந்தது. எவர்ஷெட் அவசரப்பட்டு எந்தப் பக்கமும் சாயவில்லை. பூமியை நோக்கிய பக்கத்தில் மட்டும் இப்படி நேர்கிறதோ என்ற ஐயத்தைத் தீர்க்க, வெள்ளிக் கோளில் பட்டுத் திரும்பும் சூரிய ஒளியைக் கூட ஆராய்ந்தார். வெள்ளி தக்க இடத்தில் இருக்கும்போது, நமக்குத் தெரியாத சூரியப் பக்கத்தின் ஒளியை அது கண்ணாடி போல் காட்டும் அல்லவா? என்ன அருமையான யோசனை! பல ஆண்டு அளவீடுகளுக்குப் பின்னரே, ஐன்ஸ்டைன் கூறிய விளைவு அங்கே இருக்கிறது என்ற முடிவுக்கு அவர் வந்தார்.

குழப்பத்தின் காரணம் பின்னர் தெளிவாயிற்று. கொதிக்கும் சோற்றுப் பானை போலச் சூரியனின் மேற்பரப்பில் சூடான வாயு மேலே பொங்கி வருகிறது. நம்மை நோக்கி வரும் வாயுவின் ஒளி நீலப் பக்கம் நகரும். அது ஐன்ஸ்டைனின் சிவப்பு நகர்வில் ஒரு பகுதியை மறைத்துவிடுகிறது. விளிம்பிலோ அந்த வாயு நம் பார்வைக்குக் குறுக்காக எழுவதால் மறைப்பு குறைகிறது. அருவியில் ஆவியாதல் செய்த குறும்பையே சூரியனில் வாயுவின் கொதிப்பு செய்திருக்கிறது.

இங்கும் தெளிவான தீர்ப்பு ஒரு கட்டடத்துக்குள் கிடைத்தது. 1960-இல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பவுண்ட், ரெப்கா என்னும் இருவர், 22.5 மீட்டர் உயரக் கோபுரத்தில் மேலும் கீழுமாகக் காமாக் கதிர்களைச் செலுத்தி ஈர்ப்பின் விளைவை அளந்தனர். நம் பேரருவியில் பாதி உயரம் கூட இல்லாத கோபுரம் அது! எதிர்பார்த்த மாற்றம், 1-ஐ அடுத்து 15 சுழியன்கள் கொண்ட எண்ணில் வெறும் இரண்டரைப் பங்கு. விடை கொள்கையோடு நூற்றுக்குப் பத்து பங்குக்குள் பொருந்தியது. பின்னர் நடந்த சோதனை அதை நூற்றுக்கு ஒரு பங்குக்குள் கொண்டுவந்தது.

கோலாரில் வீழ்ந்த கொள்கை

இனி, அழகான ஒரு கொள்கை தோற்ற கதை. 1974-இல் ஜார்ஜை, கிளாஷோ என்னும் இரு அமெரிக்க விஞ்ஞானிகள், இயற்கையின் மூன்று விசைகளை ஒன்றாக இணைக்கும் கொள்கையை உருவாக்கினர். கணிதத்தில் அது மிக நேர்த்தியானது. ஆனால் அதன்படி, என்றும் அழியாதது என்று கருதப்பட்ட புரோட்டானும் ஒருநாள் சிதைய வேண்டும். அதன் ஆயுள் சுமார் 1-ஐ அடுத்து 31 சுழியன்கள் இட்ட ஆண்டுகள். பிரபஞ்சத்தின் வயதே ஏறத்தாழ 1380 கோடி ஆண்டுகள்தான்! பிறகு எப்படிக் காத்திருந்து பார்ப்பது?

ஒரு புரோட்டானை நெடுங்காலம் பார்ப்பதற்குப் பதில், ஏராளமான புரோட்டான்களைச் சில காலம் பார்க்கலாம். கர்நாடகத்தில் உள்ள கோலார் தங்க வயலில் 2.3 கி.மீ. ஆழத்தில் நம் நாட்டு விஞ்ஞானிகள் அதைத்தான் செய்தனர். தமிழகத்திலிருந்து சென்ற குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக உழைத்த சுரங்கம் அது. காஸ்மிக் கதிர்களின் தொல்லையை மேலுள்ள பாறை தடுப்பதால் அவ்வளவு ஆழம் தேவைப்பட்டது. வளிமண்டலத்தில் தோன்றும் நியூட்ரினோக்களின் தடயத்தை 1965-இல் அங்கேதான் கண்டிருந்தனர். டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தாரும் ஜப்பானிய விஞ்ஞானிகளும் சேர்ந்து 1980-இல் 140 டன் எடையுள்ள இரும்புத் தகடுகளையும் கதிர்களை உணரும் குழாய்களையும் அடுக்கிக் காத்திருந்தனர். 140 டன் பொருளில் உள்ள புரோட்டான்களும் நியூட்ரான்களும் சேர்ந்து, 8-ஐ அடுத்து 31 சுழியன்கள் இட்ட எண்ணிக்கை. கொள்கை சொன்ன ஆயுள் சரியானால், ஆண்டுக்கு ஏறத்தாழ எட்டு சிதைவுகள் நிகழ வேண்டும்.

சிதைவாக இருக்கலாம் என்று கருதத்தக்க சில நிகழ்வுகளைக் கோலார் குழுவினர் 1980-களின் தொடக்கத்தில் அறிவித்தனர். உலகமே உற்று நோக்கியது. ஆனால் அமெரிக்காவிலும் ஜப்பானிலும் அமைந்த இன்னும் பெரிய கருவிகள் எதையும் காணவில்லை. இன்று ஜப்பானின் சூப்பர் காமியோகாண்டே, 50,000 டன் நீரை வைத்துக்கொண்டு காத்திருந்தும் ஒரு சிதைவையும் உறுதியாகக் காணவில்லை. புரோட்டான் சிதைவது உண்மையானாலும், அதன் ஆயுள் 1-ஐ அடுத்து 34 சுழியன்கள் இட்ட ஆண்டுகளுக்கும் மேல் என்று ஆகிவிட்டது. ஜார்ஜை, கிளாஷோ கொள்கையின் எளிய வடிவம் கைவிடப்பட்டது.

அத்தனை உழைப்பும் வீணா? இல்லை. ஒரு கதவு அடைபட்டது என்று அறிவதும் அறிவே. பின்வருவோர் வேறு வழி தேடலாம். மேலும், புரோட்டான் சிதைவைக் காண ஜப்பானில் கட்டிய காமியோகாண்டே கருவி, வெடித்த விண்மீன் ஒன்றிலிருந்து வந்த நியூட்ரினோக்களை 1987-இல் பிடித்தது. எதற்காகவோ விரித்த வலையில் வேறொரு முத்து விழுந்தது!

நாம் கற்க வேண்டியது

தோழியரே, இந்தப் பெரியவர்களின் வேலைக்கும் நம் ஆய்வகத்து வேலைக்கும் உறவு உண்டு. குவிலென்சின் குவியத் தொலைவைக் காண்பது நம் செய்முறைப் பாடங்களில் ஒன்று. 15 செ.மீ. என்று குறித்த லென்சைக் கொண்டு அளந்தால் ஒருமுறை 14.8 வரும், மறுமுறை 15.3 வரும். அப்போது, “விடைதான் தெரியுமே, மூன்று இடத்திலும் 15 என்று போட்டுவிட்டால் என்ன?” என்று மனம் ஆசை காட்டும். அப்படிப் போட்டால் மதிப்பெண் கிடைக்கலாம். ஆனால் அந்த நோட்டில் எழுதியிருப்பது லென்சின் சொல் அல்ல, நம் சொல். நாம் இயற்கையிடம் கேள்வி கேட்டுவிட்டு, அதன் வாயைப் பொத்தி, நாமே பதில் சொன்னதாகும். கொடைக்கானலில் எவர்ஷெட் தம் எண்களை ஐன்ஸ்டைனுக்கு ஏற்பத் திருத்தியிருந்தால், சூரியனின் கொதிப்பு பற்றிய சான்று அந்த எண்களோடே அழிந்திருக்கும். பொருந்தாத எண்ணில்தான் பல வேளைகளில் புதிய உண்மை ஒளிந்திருக்கிறது.

இறை நம்பிக்கையுள்ள நமக்கு இதில் தயக்கம் வேண்டியதில்லை. பெல்ஜியம் நாட்டுக் கத்தோலிக்கக் குருவான ஜார்ஜ் லெமெய்த்தர் அடிகளார், பிரபஞ்சம் விரிவடைகிறது என்று 1927-இல் கணித வழியில் எழுதினார். ஓர் ஆதி அணுவிலிருந்து அது தோன்றியதென 1931-இல் கூறினார். அக்கொள்கையைத் தம் விசுவாசத்துக்குச் சான்றாகக் காட்ட அவர் விரும்பவில்லை. வானத்து அளவீடுகளே அதற்குத் தீர்ப்புச் சொல்லட்டும் என்று விட்டுவிட்டார். பிரபஞ்சத்தின் இளமைக் காலத்து வெப்பத்தின் எச்சம் 1965-இல் கண்டுபிடிக்கப்பட்ட செய்தி, 1966-இல் அவர் இறப்பதற்குச் சற்று முன் அவருக்கு எட்டியது. படைப்பை உள்ளது உள்ளபடி ஏற்பதும் படைத்தவருக்குச் செய்யும் மரியாதையே என்று அவர் வாழ்வு நமக்குச் சொல்கிறது.

எனவே, அடுத்த முறை செய்முறை நோட்டைத் திறக்கும்போது கண்ட எண்ணைக் கண்டபடியே எழுதுவோம். விடை விலகினால், ஏன் விலகியது என்று ஒரு வரி சேர்த்து எழுதுவோம். ஜூலும், இராமனும், எவர்ஷெட்டும், கோலார்ச் சுரங்கத்தின் இருளில் காத்திருந்தவர்களும் செய்தது அதுவே. கொள்கைகள் தேர்வு எழுதட்டும். நாம் நேர்மையான கண்காணிப்பாளர்களாக இருப்போம்.